நின்றவூரிலிருந்து காளத்தி வரை

ஜூன் 12, வியாழன். திருநின்றவூர்

மார்ச் மாதம் அண்ணனுக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. தியேட்டர் வாசலில் காத்திருந்தபோதே அத்தை வேண்டிக்கொண்டுவிட்டார். அவன் எழுந்து நடந்தால் திருநின்றவூர் இருதயாலீசுவரரைப் பார்த்துவிட்டு, காஞ்சிபுரம் வழியாகக் காளத்தி (ஆந்திராவிலுள்ள ஸ்ரீகாளஹஸ்தி) வரை போய்வருவதாக. அண்ணன் இப்போது தினமும் காலையில் வாக்கிங் போகிறான். ஆகவே நாங்கள் கிளம்பினோம். அத்தைக்கு 67 வயது, முழங்கால் வலி வேறு. வெயில் தணியட்டுமே என்று சொல்லிப் பார்த்தேன். "வெயில் தணிஞ்சதும் காப்பாத்துன்னா அன்னிக்குக் கேட்டேன்?" என்றார். அதற்கு மேல் பேச்சில்லை.

மின்சார ரயில் நடுவழியில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டது. கோயிலுக்கு வந்து சேர்ந்தபோது உச்சிக்கால பூஜை முடிந்து நடை சாத்தியிருந்தார்கள். மாலை நாலரைக்குத்தான் திறப்பு. தெருவில் ஈ காக்கை இல்லை. வாசலுக்குச் சற்றுத் தள்ளி நீலத் தார்ப்பாய்க்குக் கீழே ஒரு பூக்கார அம்மா மட்டும் கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கூடையை நகர்த்தி பெஞ்சில் இடம் விட்டார். "வயசானவங்கள வெயில்ல நிக்க வைக்காதம்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தன் தண்ணீர் பாட்டிலை அத்தையிடம் நீட்டினார்.

பக்கத்து மெஸ்ஸில் சாப்பாடு 70 ரூபாய். முருங்கைக்காய் சாம்பார், கோவைக்காய் பொரியல், ரசத்தில் மிளகு தூக்கலாக இருந்தது. அத்தை மோரை மட்டும் இரண்டு முறை வாங்கிக்கொண்டார். திரும்பி வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தோம். மல்லி முழம் 40 ரூபாய். நாங்கள் வாங்கியது போக, கூடையின் ஓரத்தில் ஈரத்துணியில் சுற்றி ஒரு சரம் தனியாக இருந்தது. அதையும் கேட்டேன். விற்கிறதில்லை என்றார். தினமும் காலையில் முதலில் கட்டுகிற முழம் சாமிக்குத்தான், பிறகுதான் வியாபாரம். "உள்ள போய் நின்னு கும்பிட எனக்கு எங்கம்மா நேரம்? கட்டும்போதே கும்பிட்டுக்குவேன்." சொல்லும்போதும் விரல்கள் நிற்கவில்லை.

நாலரைக்கு நடை திறந்தது. சின்னக் கோயில். பெரிய கோபுரங்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஊருக்குள் ஒரு பெரிய வீட்டுக்குள் நுழைவதுபோலத்தான் இருக்கும். கருவறையில் ஈசன் இருக்கிறார், கூடவே நாயன்மார்களில் ஒருவரான பூசலாரும் இருக்கிறார். அடியார்களுக்கு வெளிச் சுற்றில் வரிசையாகச் சிலை வைத்துப் பார்த்திருக்கிறோம். இங்கே அவர் சாமிக்கு அருகிலேயே.

பூசலார் கதை பலருக்கும் தெரிந்ததுதான். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டார், பணம் சேரவில்லை, மனதுக்குள் கட்டினார். அதே சமயம் காஞ்சியில் பல்லவ மன்னன் கற்கோயில் கட்டி முடித்துக் குடமுழுக்குக்கு நாள் குறித்திருந்தான். ஈசன் கனவில் வந்து, அன்று நாம் நின்றவூரில் பூசல் கட்டிய கோயிலுக்குப் போகிறோம், நீ வேறு நாள் வைத்துக்கொள் என்றார். மன்னன் ஊருக்கு வந்து கேட்டால், அப்படி ஒரு கோயிலே இங்கே இல்லை என்கிறார்கள்.

இந்தக் கதையைச் சொல்லி "மனசார நினைத்தால் போதும், கோயிலுக்கெல்லாம் போகவேண்டாம்" என்று முடிப்பவர்களை நிறையக் கேட்டிருக்கிறேன். சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்வதைப் படித்தால் அப்படி எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது. பூசலார் மனதுக்குள்ளும் பொருளைச் சிறுகச் சிறுகத்தான் சேர்க்கிறார். தச்சர்களைக் கூட்டுகிறார், நல்ல நாள் பார்க்கிறார். அடித்தளத்தில் தொடங்கி வரிசை வரிசையாக எழுப்புகிறார். சிகரம், தூபி, சுதை வேலை, கிணறு, மதில், குளம் என்று ஒன்றையும் விடவில்லை. இரவில்கூடக் கண் மூடாமல் வேலை நடக்கிறது. மனக்கோயில்தானே என்று ஒரே நொடியில் கட்டி முடித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. கல்லும் ஆளும் இருந்தால் எவ்வளவு பொறுமை வேண்டுமோ அதே பொறுமையோடு, பார்க்க ஒருவரும் இல்லாத இடத்தில் வேலை செய்தார். ஐந்து நிமிடம் கண்ணை மூடினால் மனம் கேஸ் சிலிண்டர், ஆபீஸ் மெயில் என்று ஓடுகிற எனக்கு, இது கல்லில் கட்டுவதைவிடக் கடினமான வேலையாகத் தெரிகிறது.

இதய நோய் உள்ளவர்கள் இங்கே வந்து வேண்டிக்கொள்வது வழக்கம். எங்களுக்கு முன்னால் ஒரு இளைஞர் ஆஸ்பத்திரி ஃபைலோடு நின்றார். குருக்கள் கேட்டு வாங்கி, படியில் வைத்து, அதன்மேல் ஒரு பூவை வைத்துத் திருப்பிக் கொடுத்தார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த இளைஞர் போகும்போது ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்.

எங்கள் முறை வந்ததும் அத்தை அண்ணன் பெயர், நட்சத்திரம், கோத்திரம் சொன்னார். பிறகு இன்னொரு அர்ச்சனைத் தட்டை நீட்டினார். "இது ஆபரேஷன் பண்ண டாக்டருக்கு. அவருக்கு நட்சத்திரம் தெரியாது சாமி." குருக்கள் முகம் மலர்ந்துவிட்டது. "தெரியலேன்னா சுவாமி பேருக்கே பண்ணிடலாம், அவருக்குப் போய்ச் சேரும்" என்றார். எனக்கு அந்த டாக்டர் நினைவே வந்திருக்கவில்லை. அத்தைக்கு அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அடுத்த இடத்தில் இருந்திருக்கிறார்.

ஜூன் 13, வெள்ளி. காஞ்சிபுரம்

காலையில் எட்டரைக்கே வெயில் சுள்ளென்று இருந்தது. நேற்றைய கதையின் அடுத்த பாதி இந்த ஊரில்தான் என்பதால் முதலில் கைலாசநாதர் கோயிலுக்குப் போனோம். பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோ 120 ரூபாய். ஊரின் மேற்கு ஓரம், கூட்டம் இல்லை. நந்தி கோயிலை விட்டுத் தள்ளி வெளியே தனியாக உட்கார்ந்திருக்கிறது.

ராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. மணற்கல். சுற்றிலும் 58 சின்னச் சன்னதிகள். மழையும் காற்றும் பல சிற்பங்களின் முகத்தைத் தின்றுவிட்டன, ஆனால் சில மாடங்களில் பழைய ஓவியத்தின் செம்மை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுற்றுச் சன்னதிகளின் அடிப்பகுதியில் மன்னனின் பட்டப்பெயர்கள் கிரந்த எழுத்தில் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன, நூற்றுக்கணக்கில். கருவறை விமானத்தைச் சுற்றி வடமொழிக் கல்வெட்டு ஒன்று. கலியுகத்திலும் இந்த அரசன் வானிலிருந்து எழுந்த குரலைக் கேட்டான் என்ற வியப்பு அதில் இருக்கிறது. பூசலாருக்காக ஈசன் கனவில் பேசிய மன்னன் இவனே என்று சொல்பவர்கள் அந்த வரியைத்தான் காட்டுகிறார்கள். பெரியபுராணம் எழுதப்பட்டது 12ஆம் நூற்றாண்டில். நானூறு ஆண்டு இடைவெளியில் ஒரு குரலின் நினைவு இப்படித் தங்கியிருப்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கதையைச் சொல்லும்போது மன்னனை ஏதோ தோற்றவன் மாதிரி சொல்லிவிடுகிறோம். இந்தக் கோயிலுக்குள் நின்றுகொண்டு அப்படி நினைக்க முடியவில்லை. இவ்வளவு கல்லும் இவ்வளவு ஆட்களின் உழைப்பும் கூட்டி, குடமுழுக்குக்கு நாளும் குறித்த பிறகு, ஒரு கனவுக்காகத் தள்ளி வைக்கிறான். கோபப்படவில்லை. அந்த இன்னொருவரைத் தேடிப்போகிறான், காலில் விழுகிறான், பிறகு திரும்பி வந்து தன் கோயிலுக்கும் வழிபாடு செய்கிறான். இவ்வளவு பெயர்களைக் கல்லில் வெட்டிக்கொண்டவன் ஒரு ஏழையின் முன்னால் குனிகிறான். அதுவும் உண்மையான வழிபாடுதான்.

தரையில் கால் வைக்க முடியவில்லை. காவலாளி ஒருவர் எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அத்தை நடக்கும் வழியெல்லாம் ஊற்றிக்கொண்டே வந்தார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. "எங்கம்மா இருந்தா இப்படித்தான் ஊத்துவேன்" என்றார். கருவறையைச் சுற்றி ஒரு குறுகிய வழி உண்டு. தவழ்ந்து நுழைந்து, சுற்றிவிட்டு மறுபடியும் தவழ்ந்தே வெளியே வரவேண்டும். அப்படி வந்தால் மறுபிறவி இல்லை என்பார்கள். அத்தை குனிந்து பார்த்துவிட்டு, "முழங்கால் விடாது. எனக்கு இன்னொரு பிறவி வந்தாலும் பரவாயில்ல, நீ போய்ட்டு வா" என்றார். போனேன். இருட்டும் வௌவால் வாடையும் கல்லின் குளிர்ச்சியும். உள்ளே இருக்கும்வரை வெளியே போவதைத் தவிர வேறு நினைப்பே வரவில்லை.

மதியம் ஒரு ஓட்டலில் சாப்பாடு 140 ரூபாய், மெச்சிச் சொல்ல ஒன்றும் இல்லை. மாலை வரதராஜப் பெருமாள் கோயில். பெருமாள் இருக்கும் சிறு குன்றான அத்திகிரிக்கு 24 படிகள். அத்தை ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, நின்று, பிறகு அடுத்த படி என்று ஏறினார். பின்னால் வந்த கல்யாண வீட்டுக் கூட்டம் முணுமுணுக்காமல் அப்படியே நின்று நின்று வந்தது. பட்டுப்புடவை கட்டிய பெண் ஒருத்தி அத்தையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

இந்தக் கோயில் என்றாலே எனக்குத் திருக்கச்சி நம்பிதான். பூவிருந்தவல்லிக்காரர். பெருமாளுக்கு விசிறி வீசுவதே அவருடைய தொண்டு. வீசிக்கொண்டிருக்கும்போது வரதர் அவரோடு பேசுவார் என்பது வைணவ மரபு. ராமானுஜரே தன் ஐயங்களை அவர் வழியாகத்தான் கேட்டனுப்பினார், ஆறு வார்த்தைகளாகப் பதில் வந்தது. பெருமாள் பேசினார் என்பதை எல்லோரும் வியந்து சொல்கிறார்கள். எனக்கு அந்த விசிறிதான் மனதில் நிற்கிறது. சாமிக்குப் புழுங்குமே என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. இன்றைய வெக்கையில் நின்றபோது அது நன்றாகவே புரிந்தது.

இதே காஞ்சியில்தான் சாக்கிய நாயனாரும் இருந்தார். புத்த சமயக் கோலத்திலேயே இருந்துகொண்டு, வெட்டவெளியில் கண்ட லிங்கத்தின்மேல் தினமும் அன்போடு ஒரு கல்லை எறிந்தார். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது, அன்று கல் எறிய மறந்தது நினைவுக்கு வந்து, பசியோடு எழுந்து ஓடினார். மலர் இல்லை, மந்திரம் இல்லை. ஆனால் ஒருநாளும் தவறக்கூடாது என்ற பதைப்பு இருந்தது.

பிரசாதக் கடையில் காஞ்சிபுரம் கோயில் இட்லி வாங்கினோம். மிளகு, சீரகம், சுக்கு மணக்க, மந்தாரை இலை வாசனையோடு. ஒரு துண்டு இரண்டு பேருக்குத் தாராளம்.

ஜூன் 14, சனி. வழியில்

இன்று பயணம் மட்டும். அதுவும் பாதியில் கெட்டது. திருத்தணி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பேருந்து புகை விட்டு நின்றுவிட்டது. அடுத்த வண்டி வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். நிழலுக்கு ஒரு புளியமரம். பயணிகளில் பாதிப்பேர் திருப்பதி போகிறவர்கள். மொட்டை போடப் போகிற குழந்தை ஒன்று வெயில் தாங்காமல் கத்தியது. அதன் தாத்தா ஈரத்துண்டை அதன் தலையில் போட்டு "கோவிந்தா சொல்லு" என்றார். அது "கோந்தா" என்றது. அத்தனை பேரும் "கோவிந்தா" என்று குரல் கொடுத்தோம். குழந்தை பயந்து அழுகையை நிறுத்திவிட்டது.

சைக்கிளில் மாம்பழம் கொண்டுவந்தவரிடம் கிலோ 60 ரூபாய்க்கு வாங்கினேன். பங்கனபள்ளி, நல்ல இனிப்பு. கத்தி இல்லை, எல்லோரும் அப்படியே கடித்துச் சாப்பிட்டோம்.

காளத்தி போய்ச் சேரும்போது இரவு ஒன்பதரை. அறை வாடகை 1,300 ரூபாய். ஏசி வேலை செய்யவில்லை, மின்விசிறி இருந்தது. எண்ணெய் பளபளக்கும் காரச் சட்னியோடு சூடாக நான்கு இட்லி கிடைத்ததில் மற்றதெல்லாம் மறந்துபோனது.

படுக்கும் முன் அத்தை கட்டிலில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடிப் பெயர்கள் சொல்ல ஆரம்பித்தார். வீட்டில் தினமும் செய்வதுதான், ஆனால் நான் முழுதாகக் கேட்டது இன்றுதான். அண்ணன், அண்ணி, நான், என் பிள்ளைகள், இறந்துபோன மாமாவின் அக்கா குடும்பம், கீழ்வீட்டுக்காரர், அந்த டாக்டர். முடிவில் பூக்கார அம்மா, தண்ணீர் ஊற்றினவர், "அந்தக் கோவிந்தா குழந்தை". ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நொடி நிறுத்தினார். என்ன கேட்கிறீர்கள் என்றேன். "எதுவும் தனியா கேக்கல. அவங்க முகத்த நெனச்சுப்பேன். என்ன வேணும்னு அவனுக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டுப் படுத்தார். நான் வெகுநேரம் தூங்கவில்லை. அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் நான் கும்பிட்டதெல்லாம் பேரம் மாதிரிதான் இருந்தது. இது நடந்தால் அது செய்கிறேன் என்று. அந்த நேரத்தில் என்னால் முடிந்தது அதுதான். அதை நான் தாழ்வாகவும் நினைக்கவில்லை, பயந்த மனம் அப்படித்தான் பேசும். ஆனால் அத்தை செய்வது வேறு என்று தெரிந்தது.

ஜூன் 15, ஞாயிறு. காளத்தி

ஐந்தரை மணிக்கே கண்ணப்பர் மலை ஏறினேன். அத்தை கீழே இருந்துகொண்டார். படிகள் இருக்கின்றன, உயரமும் அதிகமில்லை. மேலே சின்னக் கோயில். கீழே கோபுரங்களும், வடக்கு நோக்கி ஓடும் சுவர்ணமுகியும் தெரிகின்றன. நம் பாடல்களில் பொன்முகலி என்று வரும் ஆறு. இப்போது மணல்தான் அதிகம். கிருஷ்ணதேவராயர் 1516இல் எழுப்பிய ராஜகோபுரம் 2010 மே மாதம் இடிந்து விழுந்தது. புதிதாகக் கட்டிய கோபுரத்துக்கு 2017இல் குடமுழுக்கு ஆனது.

கண்ணப்பரைப் பற்றிச் சொல்லும்போதும் "முறை எதுவும் தெரியாத வேடன், அன்பு மட்டும் இருந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பெரியபுராணத்தில் அவர் என்னென்ன செய்தார் என்று பார்க்கவேண்டும். திண்ணனார் (கண்ணப்பரின் முந்தைய பெயர்) மலைமேல் ஈசனைக் கண்டதும் முதலில் தோன்றியது, ஐயோ காட்டில் தனியாக இருக்கிறாரே, யாரும் துணை இல்லையே, பசிக்குமே என்பதுதான். பன்றிக் கறியைப் பதமாகச் சுட்டு, மெல்ல மென்று பார்த்து, சுவையானதை மட்டும் இலைக் கலத்தில் எடுத்து வைத்தார். ஒரு கையில் வில், ஒரு கையில் இறைச்சி. தண்ணீர் எடுக்கக் கை இல்லை, ஆகவே வாயில் முகந்தார். பூ எடுக்கக் கை இல்லை, ஆகவே தலையில் செருகிக்கொண்டார். எச்சில் என்று நாம் முகம் சுளிக்கும் ஒவ்வொன்றும், கை போதாமல் வந்தது. இரவில் விலங்கு வருமே என்று வில்லோடு விடியும்வரை காவல் நின்றார். ஈசன் கண்ணில் ரத்தம் வந்ததும் உடனே தன் கண்ணைத் தோண்டவும் இல்லை. எய்தவன் யார் என்று காடெல்லாம் தேடினார், பச்சிலை பறித்துவந்து பிழிந்து பார்த்தார், அதுவும் நிற்காதபோதுதான் அம்பை எடுத்தார். ஆறே நாள் வழிபாடு. அந்த ஆறு நாளும் தன்னைப் பற்றி ஒரு நினைப்பும் இல்லை.

சிவகோசரியாரை நாம் மறந்துவிடுகிறோம். ஆகம முறைப்படி தினமும் பூசை செய்தவர் அவர். எலும்பும் இறைச்சியும் கிடப்பதைப் பார்த்துப் பதறி, அழுது, துடைத்துச் சுத்தம் செய்து, போய்க் குளித்துவந்து மறுபடியும் பூசை செய்தார். மறுநாளும் அப்படியே. அவருடைய அன்பும் பொய்யில்லை. அதனால்தான் ஈசன் அவரை விலக்காமல், மறைந்து நின்று பார் என்று கனவில் சொல்லி, கண்ணப்பர் அன்பை அவருக்குக் காட்டினார். முறையோடு கும்பிடுகிறவரைப் பார்த்து வெறும் சடங்கு என்று பேசுவது எனக்குச் சம்மதமில்லை.

மேலே இன்னொருவர் இருந்தார், அறுபது வயதிருக்கும். பித்தளைச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். எனக்குத் தெலுங்கு அரைகுறை, அவருக்குத் தமிழ் அரைகுறை. மகாசிவராத்திரிப் பிரம்மோற்சவத்தில் முதல் கொடி இந்த மலையில் கண்ணப்பருக்குத்தான் ஏறும், சாமிக்கு அதற்குப் பிறகுதான் என்று பெருமையோடு சொன்னார். சொந்தக்காரர் ஒருவரைப் பற்றிப் பேசுகிற குரல். இறங்கும்போது என் கையில் இரண்டு வாழைப்பழத்தைத் திணித்தார்.

கீழே கோயிலுக்குள் நல்ல கூட்டம். ராகு கேது பூசைக்கு நாடெங்கிலும் இருந்து வருகிறார்கள். வரிசை வரிசையாக உட்காரவைத்து, ஒலிபெருக்கியில் சொல்லச் சொல்லச் செய்கிறார்கள். எனக்குத் தோஷத்தில் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. இவ்வளவு வேகத்தில் நடக்கிற பூசையில் மனம் எங்கே நிற்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு தம்பதியைப் பார்த்தேன். அவர் தன் தட்டிலிருந்த பூவைப் போடாமல், நடுங்கும் கையோடு இருந்த மனைவியின் விரலைப் பிடித்து அவள் தட்டில் ஒவ்வொரு பூவாகப் போடவைத்துக்கொண்டிருந்தார். அர்ச்சகர் இரண்டு மந்திரம் தாண்டிப் போய்விட்டார். அவர்கள் அவசரப்படவில்லை.

காளத்தி வாயுத் தலம், ஐம்பூதத் தலங்களில் காற்றுக்குரியது. கருவறையில் காற்று வர வழியில்லை, ஆனாலும் விளக்குகளில் ஒன்று மட்டும் அசைந்துகொண்டே இருக்கிறது. லிங்கத்தை அர்ச்சகரும் கையால் தொடுவதில்லை. இதே சாமிக்குச் சிலந்தி நூல் பந்தல் பின்னியது, பாம்பு மாணிக்கம் வைத்தது, யானை நீராட்டியது என்று தலக்கதை. ஒன்று வைத்ததை ஒன்று குப்பை என்று நினைத்து அகற்றி, கடைசியில் பாம்பும் யானையும் சண்டையிட்டு மாண்டன. எல்லாவற்றுக்கும் ஈசன் அருள் செய்தார்.

தரிசனம் சில நொடிதான். "நகருங்க, நகருங்க" என்று தள்ளினார்கள். அத்தை வெளியே வந்து தூண் ஓரம் உட்கார்ந்து, கண்ணை மூடி, நேற்றைய பெயர்களைத் திரும்பவும் சொன்னார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு முகத்தையும் முழுதாக மனதில் கொண்டுவந்து நிறுத்துவது எவ்வளவு கடினம்! அண்ணன் முகம் ஆபரேஷனுக்கு முந்தைய முகமாகத்தான் வந்தது. இப்போதைய முகத்தை, கன்னம் ஒட்டிப்போன அந்த முகத்தை நினைக்க நேரம் பிடித்தது. வந்ததும் அழுகை வந்தது. அத்தை ஒன்றும் கேட்காமல் முந்தானையைக் கொடுத்தார்.

ஜூன் 16, திங்கள். திரும்பும் வழி

காலை டிபன் பெசரட்டு, 50 ரூபாய், இஞ்சித் துவையலோடு. மேகமூட்டம், இந்தப் பயணத்தில் முதல்முறையாகக் காற்று குளிர்ந்தது. பேருந்தில் அத்தைக்குப் பக்கத்தில் ஒரு அம்மா. தடா பக்கத்து ஊர், தமிழும் தெலுங்கும் கலந்து பேசினார். பேச்சு அண்ணன் ஆபரேஷனில் தொடங்கியது. அவர் வீட்டுக்காரருக்கும் இதயத்தில் கோளாறுதானாம், மூன்று வருடத்துக்கு முன்னால் தவறிவிட்டார். காளத்தியில் எவ்வளவோ வேண்டிக்கொண்டேன் என்றார்.

அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டார், பதில் சொல்லவில்லை. எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. அப்படியிருந்தும் எப்படி வருகிறீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன். முதல் வருடம் வரவில்லை என்றார். கோபம். சாமி படத்தைக்கூடத் திருப்பி வைத்திருந்தாராம். "அப்புறம் கோவத்தச் சொல்றதுக்காவது அவர்கிட்டதானே போகணும்? போய் நின்னு திட்டினேன். வெளிய சத்தம் வராம, வாய்க்குள்ள. அதுக்கப்புறம் திருப்பி வர ஆரம்பிச்சேன்." இந்த ஐந்து நாளில் நான் கேட்ட வழிபாடுகளிலேயே மிகவும் நேர்மையானது அந்தத் திட்டுதான் என்று எனக்குப் படுகிறது. சாமியிடம் நல்ல வார்த்தை மட்டும்தான் பேசவேண்டும் என்று யார் சொன்னது? சுந்தரர் தன் கண் போன கோபத்தில் ஈசனிடம் உரிமையோடு சண்டை போட்டிருக்கிறார். அந்தப் பதிகங்களை இன்றும் கோயில்களில் பாடுகிறோம்.

அத்தை பையிலிருந்து கோயில் புளியோதரையை எடுத்து மூன்று பங்காகப் பிரித்தார். மிளகாய் காரம் ஏறித் தண்ணீர் பாட்டில் கைமாறிக்கொண்டே இருந்தது. தடா நெருங்கும்போது அத்தை அந்த அம்மாவின் பெயரையும் பிள்ளைகள் பெயரையும் கேட்டார், என்னைப் போனில் குறித்துக்கொள்ளச் சொன்னார். அந்த அம்மாவும் விடவில்லை. "உங்க அண்ணன் பேரு, நட்சத்திரம் சொல்லு பாப்பா, அடுத்த மாசம் போறப்ப அர்ச்சனை வைக்கிறேன்" என்று என் பக்கம் திரும்பினார். சொன்னேன். நட்சத்திரத்தைத் தெலுங்கில் இரண்டு தடவை சொல்லி உறுதி செய்துகொண்டு, பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.